கிராவல் லாரிக்குத் தார்ப்பாய் கட்டவைத்த அண்ணிக்கு

அண்ணி,

நேற்று பொன்னேரிக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்பாலைவனம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர் லாரி. மண்ணைக் குவியலாக ஏற்றி, மேலே ஒன்றும் மூடாமல், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஒரு கை மண்ணைக் காற்றில் வாரி வீசிக்கொண்டே போனது. நான் சன்னலை இழுத்து மூடுவதற்குள் பல்லிடுக்கில் நறநறவென்று மண். கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாமே, வாயில மண்ணு பூந்ததுக்கா சிரிக்கிற?" என்று கேட்டாள்.

அண்ணனின் சாப்பாட்டு டப்பா கதையை அந்த அம்மாவுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? முழுக் கதையும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீ இல்லாமல் போன பிறகும் சொல்வதற்கு வேறு ஆள் தோன்றவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ லைட்ஹவுஸ் குப்பத்துக்கு மருமகளாக வந்த நாளை இப்போது நினைத்தாலும் கண்ணில் நிற்கிறது. என் பெரியப்பா மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் உறவுக்கு அண்ணி. வயதில் எனக்கும் உனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் பேச்சு நீ, வா, போ என்றே ஆகிவிட்டது. உன் பிறந்த வீடு திருப்பாலைவனத்தில், நெல் வயலுக்கு நடுவே. கருவாட்டு வாடை தாங்காமல் வந்த புதிதில் மூக்கில் முந்தானையைச் செருகிக்கொண்டே திரிந்தாய். ஊர்ப் பெண்கள் மறைவில் சிரித்தார்கள். "நெல்லு காயவெச்ச கைதானே இது, மீனு காயவெக்காதா?" என்று ஒருநாள் நீயாகவே கூடையைத் தூக்கிக்கொண்டு காயப்போடும் இடத்துக்கு வந்தாய். நெல்லைக் காலால் துழாவுவதுபோல நெத்திலியைத் துழாவப் போய் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

ஆனால் இரண்டு மழைக்காலம் கடப்பதற்குள், மணலில் விரித்த உன் வலையில் காய்ந்த நெத்திலி என்றால் வியாபாரிகள் தேடி வந்தார்கள். வெயில் ஏறினதும் பரப்பி, நடுவில் ஒரு தரம் புரட்டி, வெயில் சாய்வதற்கு முன் வாரிவிடுவாய். வெள்ளிக் காசைக் கொட்டிவைத்ததுபோல மின்னும். எனக்கும் உனக்கும் சாலையோரத்து மணலில் பக்கத்துப் பக்கத்து இடம். நம் சண்டை, சிரிப்பு, ஊர் வம்பு எல்லாம் அந்த இரண்டு வலைக்கும் நடுவில் இருந்த ஒற்றையடி இடைவெளியில்தான் நடந்தது.

அந்தச் சாலைதான் பல வருஷம் கழித்து எல்லாவற்றுக்கும் காரணமானது.

ஐப்பசி வந்தால் நம் சாலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் முட்டளவு தண்ணீர். பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம். சாலையை உயர்த்திக் கொடுங்கள் என்று எத்தனை காலமாகக் கேட்டோம். கடைசியில் வேலை வந்தது. உள்ளே, உன் பிறந்த ஊர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் ஒரு கிராவல் குவாரிக்கு அனுமதி கொடுத்து, அங்கிருந்து செம்மண்ணாக டிப்பர் லாரிகள் வரத் தொடங்கின. முதல் லாரி வந்த அன்று அதற்குக் கற்பூரம் காட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? படகு புயலில் உடைந்த பிறகு கூலிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனுக்கும் அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டும் வேலை கிடைத்தது. புதுச் சட்டை போட்டு, கண்ணாடிக்கு எலுமிச்சம்பழம் கட்டி, ஊருக்குள் நுழையும்போது ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு வந்தார். நீ நெத்திலியைப் புரட்டுவதை விட்டுவிட்டு நின்று பார்த்தாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, அதைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

ஒரு வாரம்கூட அந்தப் பெருமையில் இருக்க முடியவில்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, குவியலாக ஏற்றிக்கொண்டு, மூடாமல், காய்கிற மீனை உரசிக்கொண்டு பறந்தன. வெயில் ஏறுகிற நேரம்தான் அவர்களுக்கும் வேலை நேரம். புழுதி எழுந்து அடங்குவதற்குள் அடுத்த லாரி. சாயங்காலம் வாரும்போது நெத்திலி செங்கல் நிறத்தில் இருக்கும். கழுவினால் மறுபடி ஈரம், மறுபடி காயவைக்க வேண்டும், அதற்குள் வாடை. வழக்கமாக வருகிற வியாபாரி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு, துப்பிவிட்டு, "மஞ்சத்தூளு, மொளகாத்தூளு எல்லாம் நீங்களே போட்டுட்டீங்களா?" என்று நக்கலாகக் கேட்டுவிட்டுப் போனான். அடுத்த நாள் அவன் வரவில்லை.

பெண்கள் எல்லோரும் கோயில் பக்கம் கூடிப் பேசினோம். "ரோடு வேணும்னு கேட்டது நாம. அதுக்குன்னு சோத்துல மண்ணைப் போடுவானா?" என்று ஒருத்தி. "லாரியை மறிக்கலாம்" என்று இன்னொருத்தி. மறிக்கலாம் என்றதும் எல்லாக் கண்ணும் உன் பக்கம் திரும்பின. முதலில் வருவது அண்ணன் லாரிதானே. நீ எழுந்து போய்விட்டாய். "அவ எப்பிடி வருவா? புருசன் ஓட்டுற லாரியாச்சே" என்று பின்னால் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் நீ செய்ததை நினைத்துத்தான் நேற்று பேருந்தில் சிரித்தேன்.

அந்தச் செங்கல் நிற நெத்திலியில் ஒரு பிடி எடுத்து, கழுவாமல், புழுதியைத் தட்டக்கூடச் செய்யாமல், வெங்காயம் போட்டு வாசனையாக வறுத்து அண்ணனின் டப்பாவில் வைத்து அனுப்பியிருக்கிறாய். மத்தியானம் லாரி நம் எதிரில் வந்து கிறீச்சென்று நின்றது. அண்ணன் டப்பாவைக் கையில் பிடித்தபடி குதித்து இறங்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னாடி செஞ்சு வெச்சிருக்க? பல்லே போச்சு! மீனா, மண்ணா இது?"

நீ குனிந்த தலை நிமிரவில்லை. மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாய்: "நீ கொணாந்து கொட்டினதுதான். நல்லாக் கீதா?"

அத்தனை பெண்களும் கொல்லென்று சிரித்தோம். அண்ணன் நம் ஒவ்வொருவர் வலையாகப் பார்த்தார். குனிந்து என் வலையிலிருந்து ஒரு மீனை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒட்டிய சிவப்பைக் கைலியில் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். மறுநாள் அவர் லாரியில் மட்டும், படகு வைத்திருந்த காலத்தில் வலையை மூடிவைத்த பழைய தார்ப்பாய் கட்டியிருந்தது. அவர் வேகமும் குறைந்திருந்தது. மற்ற டிரைவர்கள் அவரைப் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கேலி பேசினார்களாம். "பயந்தா இன்னா? சோறு ஒழுங்கா வருதுல்ல" என்றாராம் அவர்.

ஒரு லாரி மூடினால் போதுமா? நாம் திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. கனிமவளத் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். வந்த அன்று பார்த்தால், விடியற்காலையிலேயே சாலை முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தது. லாரிகள் எல்லாம் புதுத் தார்ப்பாய் கட்டி, கல்யாண ஊர்வலம்போல மெதுவாக வந்தன. ஜீப்பில் வந்திறங்கிய அந்தத் துறை மேடத்துக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. குவாரி சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு, "இவங்க ஊரு ரோட்டுக்குத்தான் மேடம் மண்ணு அடிக்கிறோம். இவங்களே புகார் குடுத்தா எப்பிடி?" என்று சிரித்தான். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

மேடம் ஜீப்பில் ஏறப் போகும்போது நீ கிட்டே போனாய்.

"மேடம், இன்னைக்கு நீங்க வர்றது அவங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஒரு நாள் யாருக்கும் தெரியாம வாங்க."

மேடம் உன்னைப் பார்த்தார்.  கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். "ஜீப்பு கெளம்புறதுக்குள்ள நம்மள மறந்திருப்பாங்க" என்றேன் நான். "பாக்கலாம். அந்தப் பொம்பளை ஏறுறப்போ ஜீப்புச் சக்கரத்துல ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்துச்சு" என்றாய் நீ.

ஒரு நாள் மேடம் வந்தார். ஜீப்பில் அல்ல, பழவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில், கருவாடு வாங்க வரும் பெண்களோடு பெண்ணாக. வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நம் நடுவில் மணலில் உட்கார்ந்தார். நாம் டீ கொடுத்தோம். வேண்டாம் என்றுவிட்டார். வெயில் ஏறியது. லாரிகள் வந்தன. ஒவ்வொன்றும் போன பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டாரே தவிர, எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் துப்பட்டா நம் நெத்திலியின் நிறத்துக்கு வந்தது. கடைசியில் தார்ப்பாய் கட்டிய ஒரே லாரி மெதுவாக ஊர்ந்து வந்தபோது, "இது யார் ஓட்டுறது?" என்று கேட்டார்.  நீதான் சொன்னாய், "எங்க வூட்டுக்காரரு மேடம்."

அவர் உன்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புகார் கொடுத்தவள் வீட்டுச் சோறும் அந்தக் குவாரியிலிருந்துதான் வருகிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அங்கிருந்து நேரே குவாரிக்குப் போய்விட்டார். கிராம நிர்வாக அலுவலரை வரச்சொல்லி, டேப் பிடித்து அளந்தார்கள். அனுமதித்த ஆழத்தைத் தாண்டி வெட்டியிருந்தார்கள். பள்ளத்தின் ஓரம் சுவர்போல நேராக நின்றது. வேலி இல்லை. அன்று சாயங்காலமே குவாரி நின்றது.

ஊரில் முதல் நாள் சந்தோஷம். மறுநாள் நெத்திலி வெள்ளையாகக் காய்ந்தது. ஆனால் சாலை பாதியில் நின்றது. வானம் கறுக்கத் தொடங்கியது. டிரைவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து டிரைவர்களின் பெண்டாட்டிகள் வந்து உன் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். "ரோடும் போச்சு, வேலையும் போச்சு, இப்ப நிம்மதியா?" என்று நம் ஊர்க்காரர்களே கேட்டார்கள். கேட்டதெல்லாம் உன்னைத்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு நாள் வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது, "போவட்டும் அண்ணி, கருவாடாவது சுத்தமாக் காயுது" என்று நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். நீ சீறினாய்.

"உனக்கு படகு கீது செல்வி. காலைல எழுந்தா உன் வூட்டுக்காரரு கடலுக்குப் போவாரு. உங்க அண்ணன் எங்க போவாரு?"

"நான் மட்டுமா மனு குடுத்தேன்? நீதானே முன்னாடி நின்ன?"

"நின்னேன். நாளைக்கும் நிப்பேன். அதுக்குன்னு என் வூட்ல பசிக்காதா?"

அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. அதே இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு மீன் புரட்டினோம். அண்ணன் அடுத்தவர் வலைகளைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். உன் மேல் அவர் ஒரு குறையும் சொன்னதாகக் கேள்விப்படவில்லை. அதுதான் உனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில், தலை வாரி, பூ வைத்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் என் வீட்டு வாசலில் நின்றாய்.

"கெளம்பு. திருவள்ளூர் போறோம்."

"எதுக்கு?"

"குவாரிய மூடினவங்களையே தொறக்க வெக்கிறதுக்கு."

பேருந்தில் பொன்னேரி வரை நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பொன்னேரியில் பஸ் மாறும்போது நீ ஒரு வடையைப் பிட்டு, பாதியை என் கையில் திணித்தாய். அவ்வளவுதான் நம் சமாதானம்.

மேடம் நம்மைப் பார்த்ததும் கும்பிட வந்திருக்கிறோம் என்று நினைத்தார் போலிருக்கிறது. "நன்றியெல்லாம் வேண்டாம்மா" என்றார்.

"அதுக்கு வரல மேடம்" என்றாய். "மூடினது சரி. எப்ப தொறப்பீங்க? தொறந்தா எப்பிடி ஓட்டுவாங்க? அதைக் கேக்க வந்தோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஓரத்தைச் சரிவாகச் சீர் செய்ய வேண்டும், வேலி போட வேண்டும், ஆழம் தாண்டிய இடத்தில் இனி வெட்டக்கூடாது, தார்ப்பாய் இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே வரக்கூடாது, சாலைக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினால் திறக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நீ மட்டும், "நேரம்?" என்றாய்.

"என்ன நேரம்?"

"மீனு காயுற நேரம். வெயிலு ஏறி எறங்குற வரைக்கும் எங்க பக்கம் லாரி வரக் கூடாது. நாங்க மீனை வாரினப்புறம் எம்மாம் லாரி வேணும்னாலும் வரட்டும்."

"அதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா. எழுதிக் குடுங்க. கலெக்டருக்கு அனுப்புறேன்."

"இன்னொண்ணு மேடம். டிரைவருங்க மேல கேசு போடாதீங்க. எம்மாம் ஏத்தணும்னு அவங்களா முடிவு பண்றாங்க?"

மேடம் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரர் தார்ப்பாய் கட்டினது நீங்க சொல்லியா?"

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். சாப்பாடுதான் கட்டிக் குடுத்தேன்."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே ஓடிவிட்டேன்.

மழைக்கு முன்னால் குவாரி திறந்தது. நீ கேட்ட நேரமும் உத்தரவில் வந்தது. சாலைக்குத் தண்ணீர் அடிக்க ஒரு டேங்கர் வேண்டும், அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். நிதானமாக ஓட்டுகிற ஆளைத் தேடியபோது அண்ணன் பெயர்தான் வந்தது. புழுதி கிளப்பிக்கொண்டு வந்தவர், பின்னால் தண்ணீரைப் பூவாகத் தெளித்துக்கொண்டு வந்தார். பெண்கள் எல்லாம் வரிசையாக நின்று குலவை போட்டோம். "மழையண்ணா, எங்க வாசலுக்கும் கொஞ்சம்!" என்று கத்தினோம். அவர் வெட்கத்தில் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. உன்னை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். நீ அன்றைக்கும் மீனைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் புரட்டின மீனையே மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

அந்த ஐப்பசியில் சாலை தண்ணீருக்கு மேலே நின்றது. என் மகள் பிரசவத்துக்கு ஆட்டோ வாசல் வரை வந்தது. குவாரியின் காலம் முடிந்தபோது மேடம் மறுபடி வந்து, ஓரமெல்லாம் சரிவாக்கியிருக்கிறார்களா என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். அந்தப் பள்ளத்தில் இப்போது மழைத் தண்ணீர் நிற்கிறது. உன் பிறந்த ஊர் ஆடுகள் சரிவில் பத்திரமாக இறங்கிக் குடித்துவிட்டு ஏறுகின்றன.

உன் உடம்புக்கு முடியாமல் போன அன்றும் மழைக்காலம்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் தளும்ப, ஆம்புலன்ஸ் நடுவில் போனது. நான் உன் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறந்து, "இன்னாமே, ரோடு குலுங்கவே இல்ல பாரு" என்றாய். அந்த வலியிலும் உனக்கு அதில் ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது நீ பேசவில்லை. ஆனாலும் நாங்கள் உன்னைத் தண்ணீரில் நடந்து தூக்கி வரவில்லை, அண்ணி. நேராக வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினோம்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். இப்போது குடிதண்ணீர் லாரி ஓட்டுகிறார். உன் இடத்தில் உன் மருமகள் மீன் காயவைக்கிறாள். கை கொஞ்சம் அவசரம். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், திட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

போன மாதம் சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பெண்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊரை ஒட்டி மண் எடுக்கிறார்கள், லாரிப் புழுதியில் குழந்தைகளுக்கு இருமல் நிற்பதில்லை, மனு கொடுக்க வேண்டும், கூட வாங்க என்றார்கள். நீ இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாயோ அதைத்தான் கேட்டேன்.

"லாரி ஓட்டுறவங்க வூட்டுப் பொம்பளைங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்க எப்பிடி வருவாங்க? அவங்க அந்தப் பக்கம்."

"அவங்களைக் கூட்டினு வாங்க. அப்பதான் நான் வருவேன்."

அடுத்த முறை ஒருத்தியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வாசற்படி அருகிலேயே, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவள்போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் எல்லோரும் பேசினார்கள். அவள் பேசவில்லை. நான் முதல் டீயை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டேன்:

"நீ சொல்லும்மா. லாரி எப்பிடி ஓடினா உனக்கும் சரி, இவங்களுக்கும் சரி?"

அவள் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தாள்.

வருகிற திங்கட்கிழமை எல்லோரும் திருவள்ளூர் போகிறோம். பேருந்தில் அவள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன்.

உன் நாத்தனார்,
செல்வி